ஒரிஜினல் வீட்டில் பத்திரமாக இருக்கிறது

இந்த ஊர் மருந்துக்கடையில் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கல்லாவில் நிற்கும் பெண் முகம் நிறையச் சிரித்து, "சீக்கிரம் மறுபடியும் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறாள். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. தாம்பரத்தில் எந்த மெடிக்கல் ஷாப்காரரும் வாய் தவறிக்கூட அப்படிச் சொல்ல மாட்டார். நாமும் ஆஸ்பத்திரியிலும் மருந்துக்கடையிலும் மட்டும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. பாதி வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்குவோம். இங்கே வரச் சொல்வதோடு நிற்கவில்லை, வந்தால் பரிசும் கொடுக்கிறார்கள். கைக்கு அடக்கமான மஞ்சள் அட்டை ஒன்று உண்டு. இருபது டாலருக்குச் சாமான் வாங்கினால் அதில் ஓர் ஓட்டை போடுவார்கள். பத்து ஓட்டை சேர்ந்தால் அடுத்த தடவை ஐந்து டாலர் தள்ளுபடி. இதைப் பற்றி அப்பாவுக்கு எழுதியபோது, அந்த அட்டை நிரம்பாமலே இருக்க ஜெபம் செய்துகொள்வதாகப் பதில் எழுதினார். அவர் நினைத்தது மாத்திரைகளை. இங்கே மருந்துக்கடையில் மாத்திரை கடைசி மூலையில்தான் இருக்கும், அங்கே போய்ச் சேர்வதற்குள் சோப்பு, ஷாம்பு, பால், பிறந்தநாள் வாழ்த்து அட்டை, சிகரெட், குழந்தை டயப்பர் எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும் என்று விளக்கி இன்னொரு கடிதம் போட்டேன்.

இந்த ஊர் என்று நான் சொல்வது ஒஹையோ மாநிலத்தில், சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு நடுத்தர ஊர். தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் சாலமனுக்கு இங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து வந்தோம். வந்த அடுத்த வருடம் மகன் பிறந்தான். சாலமனின் விசா அவரை வேலை செய்ய விட்டது. எனக்குக் கொடுத்த விசாவில் சாப்பிடலாம், தூங்கலாம், பிள்ளை பெறலாம், ஒரு டாலர் சம்பாதிக்க மட்டும் கூடாது. இங்கே என்னைப் போல வந்திருக்கும் பெண்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நான் இருபது வயதிலிருந்து சம்பளக் கவரோடு வீட்டுக்கு வந்து பழகியவள். ஊரில் சாலமனின் தங்கை கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம். நான் ஐந்து டாலர் கேட்டால் அவர் எதற்கென்று ஒரு நாளும் கேட்டதில்லை. கையை நீட்டிக் கேட்க வேண்டியிருந்ததே எனக்குக் கசந்தது.

அந்தக் கசப்புக்கு மருந்தாக வந்தவைதான் கூப்பன்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் இங்கே ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். தாம்பரத்தில் பழைய பேப்பரை எடைக்குப் போட்டால்தான் காசு. இங்கே புதுப் பேப்பருக்குள்ளேயே காசு இருந்தது. பற்பசைக்கு ஐம்பது சென்ட், சோப்புக்கு எழுபத்தைந்து சென்ட், டயப்பருக்கு இரண்டு டாலர் என்று வண்ண வண்ணமாக அச்சடித்த துண்டுச் சீட்டுகள். வெட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. கடையே அந்த வாரம் விலை குறைத்திருக்கும் பொருளாகப் பார்த்து எடுத்து, அதைத் தயாரிக்கும் கம்பெனியின் கூப்பனையும் கொடுத்து, கடை தனியாக வெளியிடும் கூப்பனையும் சேர்த்துக் கொடுத்தால், மூன்றரை டாலர் ஷாம்பு முக்கால் டாலருக்குக் கிடைக்கும். அட்டையில் ஓட்டையும் விழும். பில்லின் அடியில் "இன்று நீங்கள் சேமித்தது" என்று ஒரு தொகை அச்சாகி வரும். அதை நான் என் சம்பளம் என்று வைத்துக்கொண்டேன். பில்லை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பேன். சாலமன் மாலையில் வந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன் அதைப் படித்துவிட்டு, "மேடத்துக்கு இந்த வாரம் ஓவர்டைம் போலிருக்கே" என்பார். எனக்கு ஒரே பெருமை.

எங்கள் சேலையூர் மெடிக்கல் ஷாப்பில் சிக்கனம் வேறு மாதிரி. டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தால் அப்பா இரண்டு நாளைக்குத்தான் வாங்குவார். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து மாத்திரை அட்டையை வெட்டி நாலே நாலைக் கொடுப்பார். ஜுரம் விட்டுவிட்டால் மீதி மிச்சம். பேரம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. சில்லறை இல்லையென்றால் இருமல் மிட்டாய் இரண்டு கொடுப்பார்; இருமல் இல்லாதவர்களும் அதைச் சப்பிக்கொண்டுதான் வீடு திரும்பினோம். அப்பா எலெக்ட்ரிக் ட்ரெயினில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நடுவே முப்பது வருடம் பச்சைக் கொடி காட்டியவருக்கு எதிலும் நேரமும் அளவும் தவறக் கூடாது. அம்மா நான் கல்லூரி முடிப்பதற்குள் காலமாகிவிட்டார். நான் ஒரே பெண். நான் விமானம் ஏறிய பிறகு அவர் அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார்.

நான் சம்பாதித்த இடத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. மேற்குத் தாம்பரத்தில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் பாஸ்கர் அண்ணன் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் கடைசியில் பி.காம் முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பட்டா என்று தாம்பரத்தில் மனிதர்களுக்குச் சொந்தமான காகிதம் எல்லாம் ஒரு தடவையாவது என் கையால் அந்த மெஷினுக்குள் போய் வந்திருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நிற்கும். யாராவது, காலேஜில் ஒரிஜினலையே கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும், பாஸ்கர் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். ஒரு நாள் அப்படி வந்த ஒரு பையனின் அப்பாவிடம், "இன்னா சார் நீ, ஒரிஜினலத் தூக்கிக் குடுத்துட்டு வந்துகிறியே, நாளைக்கு அவன் இல்லைன்னுட்டா உன் கையில இன்னா கீது?" என்று கேட்டார். அந்த மனிதர் அங்கிருந்தே மறுபடியும் காலேஜுக்கு ஓடினார். ஜெராக்ஸைக் கொடு, ஒரிஜினலைக் காட்டு, காட்டிவிட்டு உடனே கையில் வாங்கிக்கொள். எங்கள் கடையில் இதுதான் வேதம். கூடவே, நகலில் கெசட்டெட் ஆபீசர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திவிட்டால், அது ஒரிஜினலுக்குச் சமம். எங்கள் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கெசட்டெட் ஆபீசர் அரசாங்க மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான். என் பி.காம் சான்றிதழின் நகலில் அவர்தான் கையெழுத்துப் போட்டார், வெளியே ஒரு சினைப்பசு காத்துக்கொண்டிருக்க.

இப்படி வளர்ந்த எனக்கு ஒரு நாள் மருந்துக்கடையில் ஒரு அநியாயம் நடந்தது. பற்பசைக் கூப்பனை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்ட பெண், பில்லில் கழிக்க மறந்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அரை மைல் திரும்பிப் போனேன். அதற்குள் அந்தப் பெண்ணின் ஷிஃப்ட் முடிந்து வேறொருத்தி நின்றாள். கூப்பன் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்றாள். ஆதாரம் அவர்கள் டிராயரிலேயே கிடந்தது. ஐம்பது சென்ட்தான், போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்கோ பாஸ்கர் அண்ணன் பக்கத்தில் நின்று கையில இன்னா கீது என்று கேட்பது போலவே இருந்தது. மறுநாளே நூலகத்துக்குப் போனேன். அங்கே பத்து சென்ட் போட்டால் நாமே நகல் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் நாலு கூப்பன்களை அடுக்கி, ஓரம் கோணாமல் நகலெடுத்து, கத்தரித்து, ஒரிஜினல்களை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுப் பத்திரப்படுத்தினேன். மனசு நிம்மதியானது.

அந்த வாரம் டயப்பர் பாக்கெட்டோடு அந்தக் கறுப்பு வெள்ளை நகலைக் கொடுத்தேன். கல்லாவில் இருந்த கல்லூரிப் பெண் அதை ஏறிட்டும் பார்க்காமல் மெஷினில் காட்டினாள், இரண்டு டாலர் கழிந்தது. இதுவரை நான் செய்தது பழக்க தோஷம்தான் என்று யாரிடமும் சத்தியம் செய்வேன். ஆனால் அடுத்த வாரம் டயப்பர் தீர்ந்தபோது ஃபைலைத் திறந்தேன். ஒரிஜினல் புத்தம் புதிதாக அங்கேயே இருந்தது. இதை இன்னொரு நகல் எடுத்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. தப்போ என்று ஒரு சின்ன உறுத்தலும் கூடவே வந்தது, மறைக்க மாட்டேன். உறுத்தலை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனேன். அந்தத் தடவையும் இரண்டு டாலர் கழிந்தது. அந்தப் பில்லை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் மற்றவற்றுக்கு அடியில் ஒட்டினேன்.

மூன்றாவது தடவை, ஒரு செவ்வாய்க்கிழமை, கல்லாவில் இருந்தவள் வயதான பெண்மணி. கூப்பனை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், பின்பக்கத்தைப் புரட்டினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. மைக்கில் யாரையோ கூப்பிட்டாள். மானேஜர் வந்தாள், டோனா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். இது நகல் என்று அவள் சொன்னபோது எனக்குப் பெரிய நிம்மதி. விஷயம் இவ்வளவுதானா, ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்கிறார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

"கவலைப்படாதீர்கள், ஒரிஜினல் வீட்டில் பத்திரமாக இருக்கிறது" என்றேன்.

டோனா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இது போல வீட்டில் இன்னும் எத்தனை இருக்கிறது?"

"நிறைய இருக்கிறது. ஒரு ஃபைல் நிறைய" என்றேன், என் சேகரிப்பை நினைத்துப் பெருமையாக.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டோனா என் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அந்த நகலை ஒரு கவரில் போட்டாள். இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், பிறகு போன் செய்கிறேன் என்று மட்டும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. டயப்பரை அங்கேயே வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து ஒரிஜினலை எடுத்து, பொடி எழுத்தில் இருந்ததை முதல் தடவையாக வரி வரியாகப் படித்தேன். நகலெடுத்தால் செல்லாது, ஒரு பொருளுக்கு ஒரு கூப்பன்தான், முறைகேடாகப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்று அச்சடித்திருந்தது. குற்றம் என்ற அந்த வார்த்தையில் என் கண் நின்றுவிட்டது.

எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போதுதான் உள்ளே போயிருந்தது. அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, குற்றம் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று. வக்கீல் சாலமனிடம், ஒரு சின்ன போலீஸ் கேஸ்கூட இருக்கக் கூடாது, கார் ஓட்டும்போதுகூடக் கவனமாக இருங்கள் என்று சொல்லியிருந்தார். சாலமன் அதற்குப் பிறகு ஆளில்லாத ரோட்டிலும் சிக்னலில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்ட மனிதரின் ஃபைலை நான் இரண்டு டாலர் டயப்பர் கூப்பனால் கெடுத்துவிட்டேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஃபிரிட்ஜ் கதவிலிருந்த பில்களையெல்லாம் கிழித்துப் போட்டேன். சமையலறையைச் சுத்தம் செய்தேன் என்று சொன்னேன்.

அடுத்த நாட்களில் போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. ஜன்னலுக்கு வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் போலீஸ் என்றே நினைத்தேன். இரண்டு மூன்று நாளில் பயம் கொஞ்சம் ஆறி, புத்தி வேலை செய்யத் தொடங்கியது. எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். அப்பாவின் வீடு ஓர் அறையும் சமையலறையும்தான், நாலு பேருக்குக் காணாது. பக்கத்தில் எங்காவது வாடகைக்குப் பார்க்க வேண்டும். சேலையூரில் வாடகை ஏறிவிட்டது, மாடம்பாக்கம் பக்கம் குறைவாக இருக்கும், தண்ணீரும் நன்றாக இருக்கும். பாஸ்கர் அண்ணன் கடையில் மறுபடியும் சேர்ந்துகொள்ளலாம். மத்தியானம் குழந்தையை அப்பா பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் வழியில் மார்க்கெட்டில் கீரை வாங்கலாம். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த என் கை நின்றது. பயந்து யோசிக்கத் தொடங்கியவள் நடுவில் எங்கோ பயப்படுவதை நிறுத்தியிருந்தேன். எனக்கு அது வெட்கமாக இருந்தது. சாலமனின் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல காலிங் கார்டில் அப்பாவைக் கூப்பிட்டேன். சாலமன் குளிக்கப் போயிருந்தார். என் தோழி ஒருத்தியின் குடும்பம் ஊருக்கே திரும்பி வரவேண்டியிருக்கலாம், மாடம்பாக்கம் பக்கம் சின்னதாக ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள் என்று சொன்னேன். அப்பா பென்சிலைத் தேடும் சத்தம் கேட்டது.

"எத்தனை பேரும்மா?"

"புருஷன் பொண்டாட்டி, ஒரு பையன்."

"பையனுக்கு என்ன வயசு?"

"பத்து மாசம்ப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் மகனுக்கும் அதே பத்து மாதம். "பத்து மாசம்" என்று அப்பா மெதுவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். சரி, விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. நான் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தபோது, வேலையிலிருந்து வந்த சாலமன் ஆன்ஸரிங் மெஷினின் பொத்தானை அழுத்தினார். டோனாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. மருந்துக்கடையிலிருந்து கூப்பிடுகிறேன், அந்தக் கூப்பன்கள் விஷயமாக, சனிக்கிழமைக்குள் ஒரு தடவை வந்து என்னைப் பாருங்கள். அவ்வளவுதான் செய்தி. சாலமன் என்னைப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டாம் தடவை தெரிந்தே செய்ததையும் சேர்த்து. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன்பது நாளா இதைத் தனியாவா சுமந்துக்கிட்டிருந்தே?" என்று கேட்டார். அப்போதுதான் நான் அழுதேன்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் போனோம். சாலமன் இன்டர்வியூவுக்கு வாங்கிய டையைக் கட்டிக்கொண்டார். பாஸ்போர்ட், விசா, கல்யாணச் சான்றிதழ், எங்கள் இருவரின் பட்டங்கள், நகல்கள் எல்லாம் அடங்கிய பெரிய ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டார். மேலே என் கூப்பன் ஃபைல். மருந்துக்கடையின் பின்னால் டோனாவின் அறை இருந்தது. இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. டையையும் ஃபைலையும் பார்த்து டோனா மிரண்டுவிட்டாள். அவள் கூப்பிட்டது ஒரு சாதாரண காரணத்துக்கு. மாதக் கடைசியில் சேர்ந்த கூப்பன்களையெல்லாம் கட்டி அந்தந்தக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம். டிராயர்களில் தேடியதில், கவரில் போட்டதையும் சேர்த்து, இதே கூப்பனின் நகல் மொத்தம் மூன்று ஆனதாம். நகலை அனுப்பினால் கம்பெனி கடைக்குப் பணம் தராது. ஒரிஜினல் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று இந்தப் பெண் சொன்னாளே, கொண்டுவந்து கொடுத்தால் கணக்கு நேராகிவிடுமே என்று நினைத்தாளாம். போலீஸ் என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. நான்தான் கேட்டேன். அவள் திகைத்து, ஒரு டயப்பர் பாக்கெட்டுக்கா என்றாள்.

ஆனாலும் ஒன்று அவளுக்குப் புரியவில்லை. எதற்காக நகலெடுத்தாய் என்று கேட்டாள். சாலமனிடமிருந்து ஃபைலை வாங்கி, என் பி.காம் சான்றிதழின் நகலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எங்கள் ஊரில் ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டோம், இப்படி நகலைத்தான் கொடுப்போம், ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டால் அது செல்லும் என்றேன். டோனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையை நிதானமாகப் படித்தாள்.

"இவர் மாட்டு டாக்டரா?"

"ஆமாம். அரசாங்க டாக்டர்."

"மாட்டு டாக்டர் நீ பட்டதாரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரித்துவிடக் கூடாது என்று அவள் பட்ட பாட்டைப் பார்த்து முதலில் சிரித்தது சாலமன்தான். பிறகு நானும். குழந்தை எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவனும் கைதட்டினான். சிரித்து முடித்ததும், இரண்டாம் நகல் பழக்கத்தினால் வந்தது அல்ல, ஆசையினால் வந்தது என்று நானே சொன்னேன். டோனா அதை முன்பே ஊகித்திருந்தாள். ஒரு கூப்பனுக்கு ஒரிஜினல் வந்துவிட்டது, மூன்றாவதை நாங்கள் கழிக்கவேயில்லை, மீதி இரண்டு டாலர் கொடுத்துவிடு என்றாள். பிறகு நகல்களை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். ஒரிஜினலை அவள் வாங்கும்போது என் விரல்கள் உடனே விடவில்லை, லேசாக இழுத்துத்தான் எடுத்தாள். ஒன்பது நாள் என்னைத் தூங்கவிடாமல் நின்ற அந்த மலை இரண்டு டாலர் உயரம்தான் இருந்தது. காருக்குத் திரும்பியதும் சாலமன் டையைக் கழற்றிப் பின் சீட்டில் எறிந்தார். எனக்குக் காலும் கையும் இலேசாகி, பசி எடுத்தது. அன்று மூன்று பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், கூப்பன் இல்லாமல், முழு விலைக்கு. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக ஒரு சனிக்கிழமை எனக்குக் கழிந்ததில்லை.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், வீடு கிடைத்துவிட்டது என்றார். மாடம்பாக்கத்தில், சிவன் கோயில் தெருவுக்கு அடுத்த தெரு. சைக்கிளில் போய் ஏழு வீடு பார்த்து இதைப் பிடித்தாராம். இரண்டு அறை, சமையலறை, பின்னால் கிணறு, கிணற்றில் கோடையிலும் தண்ணீர். கையை விட்டுப் போய்விடக் கூடாதென்று ஒரு மாத வாடகையைத் தன் பென்ஷனிலிருந்து கொடுத்துச் சாவியையும் வாங்கிவிட்டார். தவழும் பிள்ளை என்பதால் கிணற்றுக்கு மேலே கம்பி வலை போடவேண்டும் என்று வீட்டுக்காரரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். அவர் குரலில் அப்படி ஒரு உற்சாகத்தை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

தோழிக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, அவர்கள் வரவில்லை என்று சொன்னேன்.

"முழுசா தீர்ந்துடுச்சாம்மா? அந்தத் தம்பி வேலைக்கு ஒண்ணும் பங்கம் இல்லையே?"

"இல்லப்பா."

"அப்பாடா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பையன் நல்லா இருக்கானா?"

"எந்தப் பையன்பா?"

"உன் ஃபிரண்டோட பையன்தான். பத்து மாசம்னியே."

"நல்லா இருக்கான்பா. நேத்து ஐஸ்கிரீம் சாப்பிட்டான்."

அப்பா சிரித்தார். உண்மையாகவே நிம்மதிப்பட்ட சிரிப்பு அது, எனக்குத் தெரியும். சாவியை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது, கொடுக்கவில்லை என்றார். "வாடகை குடுத்தாச்சேம்மா, மாசம் முடியட்டும். பூட்டியே கெடந்தா வீடு வீணாப் போயிடும். காலையில போய் ஜன்னலைத் தொறந்து வெச்சிட்டு, சாயங்காலம் போய்ச் சாத்திட்டு வரேன். நல்ல காத்து வருது."

அந்த மாதம் முழுவதும் அப்பா சேலையூரிலிருந்து சைக்கிளில் போய், எங்களுக்காகப் பிடித்த வீட்டின் ஜன்னல்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுத்துவிடுங்கள் அப்பா என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.